கத்திப் பேச வேண்டிய மனிதர்

அவரிடம் எதையும் மெதுவாகச் சொல்ல முடியாது. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில், கம்ப்ரசருக்குப் பக்கத்திலேயே இருபத்திரண்டு வருடம் நின்று வேலை பார்த்தவர். ராஜஸ்தான், ஒடிசா, ஆந்திரா என்று எங்கெங்கோ பூமியைத் துளைத்துவிட்டு ஊர் திரும்பியபோது இரண்டு காதும் முக்கால்வாசி போயிருந்தன. பக்கத்தில் நின்று கத்தினால் கேட்கும். ஊரில் அவரை ரிக்குக்காரர் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் செவிடன் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் என்றால் எங்கேயோ ஒளிந்து நின்று சொல்ல வேண்டியதில்லை, இரண்டு எட்டு தள்ளி நின்றாலே போதும்.

நான் அப்போது வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வி.ஏ.ஓ.வாக இருந்தேன். சொந்த ஊர் ஆத்தூர்ப் பக்கம். கணவர் இறந்த பிறகு தேர்வெழுதி, நாற்பதை நெருங்கும் வயதில் கிடைத்த வேலை. பிள்ளைகள் இல்லை. அந்த ஊரில் எனக்குத் தெரிந்தவர் என்று யாரும் இல்லை. காலையில் அலுவலகத்தைத் திறந்தால் மாலை வரை ஆட்கள் வந்து உட்கார்ந்து குறை சொல்வார்கள். பக்கத்துக் காட்டுக்காரன் வரப்பை வெட்டிவிட்டான், சாக்கடை அடைத்துக்கொண்டது, தண்ணீர் திறந்துவிடுகிறவன் மேற்குத் தெருவுக்கு மட்டும் அதிக நேரம் விடுகிறான். எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டு, பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனால் அதற்கப்புறம் மறுநாள் காலை வரை ஒரு வார்த்தை பேச ஆள் கிடையாது. சில நாள் பால் ஊற்றுகிறவரிடம் வேண்டுமென்றே ஏதாவது கேட்டு நிறுத்திவைப்பேன்.

அந்தச் சமயத்தில் வேறு ஏதோ மாவட்டத்தில் மூடாமல் விட்ட ஆழ்துளைக் குழியில் ஒரு குழந்தை விழுந்துவிட்டது. நான்கு நாள் எல்லா டி.வி.யிலும் அதுதான். ஐந்தாம் நாள் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. உங்கள் கிராமத்தில் கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகள் எத்தனை, அவை மூடப்பட்டனவா என்று அறிக்கை தர வேண்டும். பக்கத்து ஊர் வி.ஏ.ஓ.விடம் போனில் யோசனை கேட்டேன். அவர் சர்வீசில் பழுத்தவர். "இல்லைன்னு போட்டுடும்மா. பத்துன்னு போட்டா, ஏன் மூடலைன்னு அடுத்த கடுதாசி வரும்" என்றார். நான் 'இல்லை' என்று எழுதி, முத்திரை குத்தி அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து ரிக்குக்காரர் வந்தார். ஐம்பதைத் தொட்ட ஆள். முழங்கை வரை மடித்துவிட்ட காக்கிச் சட்டை, கையில் ஒரு நீள நோட்டு. வாசலில் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். அவர் நேரே மேசைக்கு வந்தார்.

"மேடமுங்க, இல்லைன்னு எழுதியுட்டுட்டீங்களாமா. நாப்பத்தொன்னு இருக்குதுங்க!"

தனக்குக் கேட்காதவர் பிறருக்கும் கேட்காது என்றே பேசுவார். தெருவுக்கே கேட்டது.

"உங்களை யாருங்க எண்ணச் சொன்னது?" என்றேன்.

"ஆமாங்க, காடு காடா நடந்துதான் எண்ணுனேன்" என்றார்.

வெளியே யாரோ சிரித்தார்கள். அவர் நோட்டை விரித்தார். ஒவ்வொரு குழிக்கும் ஒரு வட்டம், பக்கத்தில் புளியமரம், மோட்டார் அறை, ஓடை என்று அடையாளம். சிலவற்றின் மேல் கோணிச் சாக்கு போட்டிருப்பதாகவும், சிலவற்றில் முள்ளை வைத்திருப்பதாகவும், பலவற்றின் மேல் ஒன்றுமே இல்லை என்றும் எழுதியிருந்தார். என்னைக் குற்றம் சொல்லத்தான் வந்திருக்கிறார், அடுத்து தாசில்தாரிடம் போவார் என்று நினைத்தேன். எழுந்து நின்று, அவர் காதருகே, "இப்ப நான் என்ன பண்ணணும்னு சொல்றீங்க?" என்று கத்தினேன்.

"ஒன்னும் பண்ண வேண்டாமுங்க. எது எது யாரு காடுன்னு நம்பரப் போட்டுக் குடுங்க. ஒரு பேச்சுக் கேட்டுப்போட்டு மூடீரலாம்."

அவ்வளவுதான் அவர் வந்த வேலை. நான் எழுதிய பொய்யைப் பற்றி அதற்குப் பிறகு அவர் ஒரு நாளும் பேசவில்லை.

சர்வே எண்களை எழுதிக் கொடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் வெயிலில் வட்ட வட்டமாக சிமெண்ட் மூடிகள் காய்ந்துகொண்டிருந்தன. பழைய மொபெட் டயரை வளையமாக அறுத்து, அதை அச்சாக வைத்து வார்த்திருந்தார். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு முழ நீளத்துக்குக் குழாய்த் துண்டு துருத்திக்கொண்டிருந்தது. அது குழியின் வாய்க்குள் இறங்கி நின்றுகொள்ளும். பிள்ளைகள் தள்ளினாலும் மூடி நகராது. நல்ல வளர்ந்த ஆள் மூச்சைப் பிடித்துத் தூக்கினால் வரும். "நாளைக்கே மறுபடி மோட்டார் எறக்கோணும்னா எடுத்துக்கலாமுங்க. கெணத்தக் கெடுக்கறதில்ல" என்று விளக்கினார்.

வீட்டுக்குள் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, கொடியில் இரண்டு காக்கிச் சட்டை. சுவரில் பெண்ணின் கல்யாணப் படம். பெண் பெங்களூரில் இருக்கிறாள், பிரசவம் பார்க்கப் போன மனைவி அங்கேயே தங்கிவிட்டார், இரண்டு வருடமாகிறது என்று சொன்னார்.

"கூப்பிட்டா வர மாட்டாங்களா?" என்று கத்தினேன். கத்திய பிறகுதான், இதையெல்லாம் தெருவுக்குக் கேட்கக் கத்தக்கூடாது என்று தோன்றியது.

"கூப்புட்டா வந்துருமுங்க. வந்து உட்கார்ந்து என்னத்தப் பேசறது? வருசத்துக்குப் பதினஞ்சு நாளு ஊட்டுக்கு வந்தவன் நானு. அது ரொம்ப மெதுவாப் பேசும். பெரிய சத்தம் போட்டு நான் பாத்ததே இல்ல. ஒன்னு சொல்லும், என்னுன்னு கேப்பேன். மறுபடி சொல்லும், மறுபடி என்னும்பேன். மூணாந்தடவ ஒன்னுமில்லைன்னு எந்திரிச்சுப் போயிரும்."

சொல்லிவிட்டு, காய்ந்த மூடி ஒன்றைத் தட்டிப் பார்த்தார். தட்டினால் சத்தம் அவருக்குக் கேட்காது. விரலில் அதிர்வு தெரியும் போல.

டீக்கடையில் அவர் உட்காரும் விதம் தனி. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, பேசுகிறவர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். டி.வி.யில் மறுபடி குழிச் செய்தி ஓடிய ஒரு காலையில் நானும் அங்கே நின்றிருந்தேன். கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஒருவர்தான் உரக்கப் பேசினார். அரசாங்கம் தூங்குகிறது, அதிகாரிகள் தூங்குகிறார்கள், அந்தக் குழந்தையைப் பெற்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று வரிசையாக ஒவ்வொருவரையும் பிடித்தார். கடைசியில் இவர் பக்கம் திரும்பி, "ரிக்குக்காரரே, ஊரு ஊரா ஓட்டையப் போட்டதே நீங்கதான!" என்று காதில் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் டீயைக் குடித்து முடித்து எழுந்தார். "ஆமாங்க. உங்க காட்டுலயும் ஒன்னு இருக்குதுங்க. பண்ணைக்குப் பின்னால. குழாயெல்லாம் உருவிட்டுச் சாக்கப் போட்டு வெச்சிருக்கறீங்க. இப்ப அங்கதான் போறேன், மூடீரலாமுங்களா?"

சிரிப்பு நின்றது. பண்ணைக்காரர், "நாளைக்கு நானே மூடிக்கறேன்" என்றார்.

மறுநாள் இவர் போய்க் கேட்டார். நாளைக்கு. அதற்கு மறுநாளும் போனார். நாளைக்கு. நான்காம் நாள் யாரையும் கேட்காமல் மொபெட்டில் மூடியை ஏற்றிக்கொண்டு போய் வைத்துவிட்டு வந்துவிட்டார். அது பத்தொன்பதாவது குழி.

பண்ணைக்காரர் எழுத்துமூலமாகப் புகார் கொண்டுவந்தார். தன் நிலத்தில் அத்துமீறி நுழைந்து சொத்துக்குச் சேதம் விளைவித்தார் என்று. மூடியைத் தானே பெயர்த்து எடுத்துவிட்டதாகவும், தன் வீட்டுப் பெண்கள் அதைத் துணி துவைக்க வைத்துக்கொண்டதாகவும் சொன்னார். போகிறபோது குரலைத் தாழ்த்தினார்.

"மேடம் சொல்லித்தான் அவரு இந்த வேல பண்றாருன்னு ஊருக்குள்ள பேச்சு. ஞாயித்துக்கெழம ஊட்டுக்கெல்லாம் போனீங்களாமா. நீங்க தனியா இருக்கறவங்க. பாத்துக்குங்க."

அன்று முழுவதும் எனக்குக் கை ஓடவில்லை. அவர் சொன்னதில் தப்பென்று பிடிக்க ஒரு வார்த்தைகூட இல்லை, அதுதான் என்னை அரித்தது. மாலையில் ரிக்குக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினேன். வந்து நின்றார். நான் சொல்ல வேண்டியதைத் தணிந்த குரலில், காரணத்தோடு, வருத்தத்தோடு சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொன்னால் அவருக்குக் கேட்காது.

"மேல கேட்டு எழுதியிருக்கேன்! உத்தரவு வர்ற வரைக்கும் யார் காட்டுக்குள்ளயும் போகக்கூடாது! இனிமே நீங்க ஆபீசுக்கும் வர வேண்டாம்!"

எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர்கள் காதில் விழ வேண்டும் என்றுதான் நான் அத்தனை சத்தமாகக் கத்தினேனோ என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு.

"சரிங்க மேடம்" என்றார். "லெட்டரு வந்தாச் சொல்லியுடுங்க."

உத்தரவு வரவில்லை. ஒரு மாதம் போயிற்று. அவர் தெருவில் எதிரே வந்தால் மொபெட்டை ஓரம் கட்டி எனக்கு வழி விடுவார். நானும் தலையை ஆட்டிவிட்டுப் போவேன். வேறு பேச்சில்லை.

பிறகு ஒரு மத்தியானம், தலையாரி மூச்சிரைக்க ஓடிவந்தார். பண்ணைக்குப் பின்னால் இருக்கிற குழியில் ஆட்டுக்குட்டி விழுந்துவிட்டது.

நான் போனபோது முப்பது பேர் கூடியிருந்தார்கள். ஐந்து ஆடு வைத்துப் பிழைக்கும் ஒரு பெண்ணின் குட்டி. காலையில் கூலி வேலைக்குப் போகும்போது அவிழ்த்துவிட்டிருக்கிறாள். குழிவாயில் அமர்ந்து, "சாமி, எஞ்சாமி, வந்துருடா சாமி" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஓரடி அகலத்துக்கு வாய் சரிந்து கிடந்தது. கீழே இருட்டிலிருந்து குட்டியின் குரல் வந்தது. சுற்றி நின்றவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆட்டைக் கட்டிப்போட்டிருக்க வேண்டாமா என்றார் ஒருவர். மூடியைப் பெயர்த்தது யார் என்றார் இன்னொருவர். வேலையை நிறுத்தச் சொன்ன வி.ஏ.ஓ. வந்துவிட்டது பார் என்று எனக்குக் கேட்கும்படியே ஒரு குரல். இரண்டு மூன்று பேர் செல்போனை நீட்டிப் படம் எடுத்தார்கள். பண்ணைக்காரர் கைகட்டிக்கொண்டு தள்ளி நின்றார்.

ரிக்குக்காரர் மொபெட்டில் வந்தார். கயிறு, கம்பிக் கொக்கி, ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. வந்தவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கண்ணாடியைத் தலையாரி கையில் கொடுத்து, சூரியனுக்கு எதிரே சாய்த்துப் பிடிக்கச் சொன்னார். வெளிச்சம் ஒரு கம்பியைப் போலக் குழிக்குள் இறங்கியது. குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தார். "பதினஞ்சடில சிக்கியிருக்குதுங்க. அதுக்குக் கீழ ஓட்ட சிறுத்துப்போச்சு. எடுத்தர்லாம்" என்றார். பிறகு நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். அவர் கண் என்மேல் நின்றது.

"மேடமுங்க, இங்க வந்து படுங்க. எனக்குக் கேக்காது. சத்தம் வருதான்னு நீங்கதான் சொல்லோணும்."

முப்பது பேருக்கு முன்னால், அலுவலகப் புடவையோடு, அந்தப் புழுதியில் அவருக்கு எதிரே படுத்தேன். காதைக் குழிவாயில் வைத்தேன். கற்பாறையின் குளிர்ச்சியும் ஈர வாடையும் முகத்தில் அடித்தன. குட்டி கத்தியது. "வருது!" என்று கத்தினேன். அவர் கயிற்றை இறக்கினார். சுருக்கு குட்டியின் முன்னங்காலுக்குப் பக்கத்தில் போய்ப் போய் வழுக்கிற்று.

"சத்தம் வருதுங்களா?"

"வருது!"

இப்படியே ஒரு மணி நேரத்துக்கு மேல். அவர் முகத்திலிருந்து வேர்வை சொட்டுச் சொட்டாகக் குழிக்குள் விழுந்தது. குட்டியின் குரல் தேய்ந்துகொண்டே வந்து, ஒரு முனகலாகி, பிறகு நின்றது. நான் மூச்சைப் பிடித்துக் கேட்டேன். ஒன்றும் இல்லை.

"வருதுங்களா?"

ஆட்டுக்காரப் பெண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் பார்த்தார்.

"வருது" என்றேன்.

இன்னும் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் வருது என்றேன். கடைசியில் சுருக்கு பிடித்தது. கயிற்றைக் கை மாற்றிக் கை மாற்றி, பொறுமையாக, ஒரு குழந்தையைத் தூக்குகிற மாதிரி மேலே இழுத்தார். கழுத்து துவண்டு கிடந்தது. அந்தப் பெண் அதை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு அழத் தொடங்கினாள்.

அவர் என்னிடம், "எப்ப நின்னுச்சுங்க?" என்று கேட்டார்.

"கொஞ்ச நேரம் முன்னாடியே."

என் உதடுகளைப் படித்திருப்பார். "சொல்லியிருந்தா கொக்கி போட்டு வேகமா இழுத்துப் பாத்திருப்பேன். உசுரோட இருக்குது, வலிக்குமேன்னு மெதுவாப் பண்ணுனேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. வேலையில் நடந்த ஒரு தவறைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார்.

கூட்டம் கலைந்த பிறகு அவரோடு வண்டிப் பாதையில் நடந்தேன். இத்தனை நாள் மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். அவர் துளைத்த குழி எதிலாவது, எங்கேயாவது, ஏதாவது குழந்தை விழுந்திருக்கிறதா? அந்த நினைப்புத்தான் இவரைத் துரத்துகிறதா? ஊரிலும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். யாரோ ஒருவர் அது ஒடிசாவில் நடந்தது, பெண் குழந்தை என்று விவரமே சொன்னார்.

அவர் நின்றார். கேள்வியை இரண்டு முறை கத்த வேண்டியிருந்தது.

"அப்படியெல்லாம் ஒன்னுமில்லீங்களே" என்றார். நிஜமாகவே குழம்பிப்போனது முகத்தில் தெரிந்தது. "ஏதாச்சும் ஆயிருந்தாத்தான் மூடோணுங்களா?"

மறுநாள் காலை ஒரு தாளில், இன்னாருக்கு இந்தக் கிராமத்தில் கைவிடப்பட்ட குழிகளை மூட அனுமதி அளிக்கப்படுகிறது என்று எழுதி, என் கையெழுத்தைப் போட்டு முத்திரை வைத்தேன். அப்படி ஒரு அனுமதி கொடுக்க எனக்கு அதிகாரம் உண்டா என்று யாரையும் கேட்கவில்லை. முன்பு அனுப்பிய அறிக்கை தவறு, இங்கே நாற்பத்தொன்று இருக்கின்றன என்று இன்னொரு தாளில் எழுதி மேலே அனுப்பினேன். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது; எழுதிக் கொடுத்தேன். பண்ணைக்காரர் பெயர்த்த மூடியை டிராக்டரில் கொண்டுவந்து குழிக்குப் பக்கத்தில் போட்டுவிட்டுப் போயிருந்தார். வைக்கவில்லை, போட்டுவிட்டுப் போயிருந்தார். இவர் போய் வைத்தார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மொபெட்டுக்குப் பின்னால் என் ஸ்கூட்டர் போகும். அவர் மூடியை இறக்குவார், நான் நோட்டில் குறிப்பேன். வைத்த பிறகு மேலே ஏறி நின்று, குதிகாலை அழுத்தி ஆடுகிறதா என்று பார்ப்பார். ஆடினால் எடுத்து, மண்ணைச் செதுக்கி, மறுபடி வைப்பார். பேச்சு அதிகம் இருக்காது. கத்திப் பேச வேண்டியிருப்பதால் அவசியமானதை மட்டும்தான் பேசுவோம். மதியம் ஏதாவது மரத்தடியில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து கொண்டுவந்ததைச் சாப்பிடுவோம். எனக்கு அந்த ஞாயிறுகள் போதுமாக இருந்தன. அதற்கு மேல் எதையும் நான் நினைக்கவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்யாக இருக்கும்.

முப்பத்து நான்கு முடிந்திருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை, அலுவலகத்துக்கு ஒரு அம்மா வந்தார். ஒல்லியான உடம்பு, மஞ்சள் பூசிய முகம். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. முகவரிச் சான்று ஒன்று வேண்டும் என்றார். குரல் அவ்வளவு மெல்லியது. நானே முன்னால் குனிந்து கேட்க வேண்டியிருந்தது. கணவர் பெயரைச் சொன்னதும்தான் யாரென்று புரிந்தது.

"பெங்களூருக்கே கூட்டிட்டுப் போறேனுங்க. காதுக்கு அங்க நல்ல டாக்டரு இருக்கறாங்களாம். பொண்ணு விசாரிச்சு வெச்சிருக்குது."

"நல்லதுங்க" என்றேன். படிவத்தை எடுத்து நிரப்பத் தொடங்கினேன்.

"இங்கிருந்து நாலஞ்சு பேரு போன் பண்ணுனாங்க" என்றார் அந்த அம்மா. "புருசன இப்படி உட்டுப்போட்டுப் போயிட்டியேன்னு ஒருத்தர். உங்களப் பத்தியும் சொன்னாங்க. எல்லாரும் எனக்கு நல்லது சொல்றாப்லதான் சொன்னாங்க. நான் யாரையும் ஒன்னும் திருப்பிக் கேக்கலீங்க. பஸ்ஸேறி வந்துட்டேன்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகத்தில் குற்றம்சாட்டல் இல்லை. கண்ணில் வேறு ஏதோ இருந்தது.

"ஒன்னு கேக்கட்டுங்களா? நீங்க பேசுனா அவருக்குக் கேக்குமுங்களா?"

"பக்கத்துல போய்க் கத்திப் பேசினா கேக்கும்."

"எனக்குக் கத்த வராதுங்க" என்றார். "சின்னதுலயிருந்தே வராது."

சான்றில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை காலை பஸ் வருவதற்கு முன்னால் ரிக்குக்காரர் அலுவலகத்துக்கு வந்தார். நீள நோட்டை மேசையில் வைத்து, "ஏழு பாக்கி இருக்குதுங்க" என்றார். வெளியே அந்த அம்மா பையோடு நின்றிருந்தார். "போயிட்டு வாங்க" என்றேன். என் சாதாரணக் குரலில்தான் சொன்னேன்.

"என்னுங்க?"

நான் தலையை ஆட்டினேன். "ஒன்னுமில்ல."

அந்த ஏழையும் மூட எனக்கு நான்கு மாதம் பிடித்தது. நான் வார்த்த முதல் மூன்று மூடிகள் வெடித்துப்போயின. ஆட்டுக்காரப் பெண் ஒரு நாள் தானாக வந்து, சிமெண்டில் தண்ணீரைக் குறைத்துப் பிசைந்து காட்டினாள். கட்டட வேலைக்குப் போகிறவள் அவள். அதற்குப் பிறகு அவளும் நானும்தான் போனோம். தலையாரி சில நாள் வருவார். ஊரில் இதைப் பற்றியும் ஏதோ பேசினார்கள். அந்தச் சமயம் எனக்குச் சேந்தமங்கலம் பக்கம் மாறுதல் வந்திருந்தது. கடைசிக் குழியை மூடிவிட்டுத்தான் பொறுப்பை ஒப்படைத்தேன்.

கிளம்புகிற அன்று, அறையில் பதிவேடுகளைக் கட்டிவைத்த பிறகு, பெங்களூருக்குப் போன் செய்தேன். அவர் எண்ணில் அந்த அம்மாதான் எடுத்தார். நலம் விசாரித்தேன். காதுக்குக் கருவி வாங்கிப் பார்த்தார்களாம், இரைச்சலாக இருக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டாராம்.

"பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கறாரு. குடுத்தாக் கேக்காதுங்க. என்னன்னு சொல்லுங்க, நான் சொல்லிர்றேன்."

"ஏழும் முடிஞ்சுதுன்னு சொல்லுங்க."

அந்த அம்மா அவர் பக்கம் திரும்பும் சரசரப்புக் கேட்டது. பிறகு காதைப் பிளக்கிற மாதிரி, அந்த வீட்டில் உள்ள எல்லோருக்கும் கேட்டிருக்கக்கூடிய ஒரு குரல் எழுந்தது.

"ஏழும் முடிஞ்சுதாமாங்க! அந்த மேடம் சொல்றாங்க! ஏழும்!"

அது அந்த அம்மாவின் குரல்தான் என்று நம்ப எனக்குச் சற்று நேரம் ஆயிற்று. பின்னாலிருந்து ரிக்குக்காரர் என்னவோ கேட்டார். அவர் குரலும் அதே பழைய உரத்த குரல்.

"மூடி ஆடுதான்னு கேக்கறாருங்க" என்றார் அந்த அம்மா.

"ஆடலைன்னு சொல்லுங்க! ஏறி நின்னு பார்த்துட்டேன்!"

அந்த அம்மா மறுபடி அதைக் கத்திச் சொன்னார். இந்த முறை முடிக்கும்போது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்னால் ரிக்குக்காரரும் சிரிப்பது கேட்டது. இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

வைத்த பிறகுதான் உணர்ந்தேன், நானும் கத்தித்தான் பேசியிருக்கிறேன், தேவையில்லாமல். வெளியே எட்டிப் பார்த்தேன். வாசலில் யாரும் இல்லை.